தந்தையில்லாத பையன்களுக்குத் தன்னார்வ வழிகாட்டிகள்: காரைக்குடிப் பக்கம் எப்படித் தொடங்குவது?

கல்லுக்கட்டி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வங்கிப் பணியில் ஓய்வு பெற்றுக் காரைக்குடியில் குடியிருக்கும் நானும், ஏறக்குறைய என் வயதுடைய நண்பர்கள் சிலரும் ஒரு காரியத்தைப் பற்றிப் பேசி வருகிறோம். தந்தையை இழந்த, அல்லது தந்தை குடும்பத்தை விட்டுப் போய்விட்ட 11 முதல் 16 வயது வரையுள்ள பையன்களுக்கு, ஒரு பையனுக்கு ஒரு பெரியவர் என்ற முறையில், வாரத்தில் ஓரிரு மணி நேரம் துணையாக இருக்கும் ஏற்பாடு ஒன்றைக் காரைக்குடியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் தொடங்க முடியுமா என்பதே அது.

செட்டிநாட்டில் கொடைக்குப் பஞ்சமில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இந்த ஊருக்கு வந்தது. பள்ளிக்கூடம், கல்லூரி, ஊருணி, கோயில் திருப்பணி என்று கொடுப்பது நமக்குப் பழக்கமான காரியம். ஆனால் தகப்பன் இல்லாத ஒரு பையனோடு சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பதற்குக் கல்வெட்டும் கிடையாது, ரசீதும் கிடையாது. அதனாலேயே இது யாருக்கும் தோன்றாமல் இருக்கிறதோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

எங்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. ஒரு நண்பர், எல்லாப் பையன்களையும் கூட்டி மாதம் ஒரு முகாம் நடத்தினால் போதும் என்கிறார். இன்னொருவர், கல்வி உதவித்தொகையோடு இதைச் சேர்த்துவிட வேண்டும் என்கிறார். எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. ஆசிரியர்கள், தாய்மார்கள், இப்படி வளர்ந்து ஆளானவர்கள் தங்கள் கருத்தை எழுதினால் உதவியாக இருக்கும்.

கோட்டையூர் ஆசிரியை எழுதியது:

ஐயாவுக்கு வணக்கம். அரசுப் பள்ளியில் நீண்ட காலம் பாடம் நடத்துகிறவள் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தயவு செய்து பள்ளிக்கு வந்து, காலை வழிபாட்டுக் கூட்டத்தில், "அப்பா இல்லாதவர்கள் கையைத் தூக்குங்கள்" என்று கேட்டுவிடாதீர்கள். நோட்டுப் புத்தகம் கொடுக்க வந்த நல்ல மனிதர்களே இப்படிக் கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். கை தூக்கிய பையன்கள் நோட்டை வாங்கிக்கொண்டார்கள். ஆனால் அன்று பிற்பகல் அவர்களுள் எவனும் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

தந்தையில்லாத பையன் என்று ஒரே வகையாகச் சொல்லிவிடவும் முடியாது. சாலை விபத்தில் தந்தையைப் பறிகொடுத்தவனுக்கு ஊரே அனுதாபப்படும். குடியால் ஈரல் கெட்டு இறந்தவரின் மகனுக்கு அந்த அனுதாபம் பாதிகூடக் கிடைப்பதில்லை. தந்தை வேறு குடும்பம் அமைத்துக்கொண்டு அடுத்த ஊரிலேயே இருக்கும் பையனின் நிலைமை எல்லாவற்றிலும் கடினமானது, ஏனென்றால் அவன் பேருந்து நிலையத்தில் தன் தகப்பனாரை எதிரே காண நேரிடும். இவர்கள் எல்லாரையும் ஒரே பட்டியலில் எழுதி, ஒரே விதமாக ஆறுதல் சொல்ல வந்தால் அவர்கள் ஓடிவிடுவார்கள்.

அடையாளம் காண்பதற்குப் பட்டியலே தேவையில்லை, வருகைப் பதிவேடு போதும். எங்கள் பகுதியில் முகூர்த்த நாள் வந்தால் எட்டாம் வகுப்பிலிருந்தே சில பையன்கள் வகுப்புக்கு வருவதில்லை. சமையல் ஒப்பந்தக்காரர்களோடு பந்தி பரிமாறப் போய்விடுகிறார்கள். கையில் கூலியும், வீட்டுக்கு ஒரு தூக்குச் சாப்பாடும் கிடைக்கிறது. ஆவணியிலும் தையிலும் தொடர்ந்து வராதவன் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் வீட்டில் சம்பாதிக்க ஆண் இல்லாதவனாக இருப்பான். வகுப்பாசிரியருக்கு இது தெரியும். வகுப்பாசிரியர் தாயாரிடம் பேசட்டும். தாயார் சம்மதித்தால் பையனிடம் பேசட்டும். உங்கள் ஏற்பாட்டின் பெயர் அதற்குப் பிறகுதான் அவன் காதுக்குப் போக வேண்டும்.

வளவு எழுதியது:

நோக்கத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தப் பகுதியில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் ஓர் எச்சரிக்கையை வெளிப்படையாகவே எழுதுகிறேன். வழிகாட்டியாக வரப்போகிறவர்கள் யார்? பெரும்பாலும் ஓய்வூதியமும் சொந்த வீடும் உள்ள, சில சாதிகளைச் சேர்ந்த பெரியவர்கள். பையன்கள் யார்? பெரிய வீடுகளில் பாத்திரம் துலக்குகிறவர், கட்டட வேலைக்குப் போகிறவர், ஆத்தங்குடித் தரைக் கல் பட்டறையில் மண் சலிக்கிறவர் ஆகியோரின் பிள்ளைகள். இந்த இருவரும் சந்தித்தால் என்ன நடக்கும் என்பதற்கு இங்கே நூறாண்டுப் பழக்கம் ஒன்று இருக்கிறது. முதல் மாதம் பாடம் சொல்லிக் கொடுப்பார். இரண்டாம் மாதம், "தம்பி, அப்படியே மின்கட்டணத்தைக் கட்டிவிட்டு வா" என்பார். ஆறாம் மாதம் பரணில் இருக்கும் வெண்கலப் பாத்திரங்களை இறக்கித் துடைக்கச் சொல்வார். பையனும் மறுக்க மாட்டான், தாயாரும் மறுக்க மாட்டார், ஏனென்றால் அந்தப் பெரியவர் நல்லவர்.

ஆகவே, உங்கள் விதிகளில் முதல் விதியாக, வழிகாட்டி பையனிடம் எந்தச் சொந்த வேலையும் வாங்கக் கூடாது என்று எழுதுங்கள். ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவரச் சொல்வதுகூடக் கூடாது என்றே எழுதுங்கள். மிகையாகத் தோன்றினால் தோன்றட்டும்.

இன்னொன்று: வழிகாட்டிகளைப் பெரிய வீடுகளிலேயே தேடாதீர்கள். மின்பணியாளர், நடத்துநர், லேத் பட்டறை நடத்துகிறவர், செவிலியர் ஆகியோரும் வேண்டும். அவர்களுக்குச் சனிக்கிழமை விடுமுறை கிடையாது என்பதால் நேரத்தை அவர்களுக்கு ஏற்ப மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் சிரமத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

கிட்டங்கி எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். தந்தை அருகில் இல்லாமல் பிள்ளை வளர்வது செட்டிநாட்டுக்குப் புதிதல்ல. எங்கள் ஐயா (தாத்தா) காலத்தில் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வட்டித் தொழில் செய்ய, போனவர்கள் மூன்றாண்டுக் கணக்கு முடிந்துதான் பர்மாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் திரும்புவார்கள். போகும்போது பிறந்திராத பிள்ளை, வரும்போது ஓடி விளையாடிக்கொண்டிருக்கும். அந்தப் பிள்ளைகள் கெட்டா போனார்கள்? வீட்டில் ஐயா இருந்தார், பெரியப்பச்சி (பெரியப்பா) இருந்தார், ஆயா வீட்டில் அம்மான் (தாய்மாமன்) இருந்தார். பிறகு பையன் தானே கடல் கடந்து போய், இங்கே மார்க்கெட் தெருவில், செட்டியார்களின் கடையும் தங்கிடமுமான கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாக, அதாவது கடைநிலை உதவியாளாக, சேர்வான். கடையை நடத்தும் மேலாள் அவனுக்குக் கணக்கும் கற்றுக்கொடுத்தார், எழுந்திருக்க வேண்டிய நேரத்தையும் கற்றுக்கொடுத்தார். பெட்டியடிப் பையன் அடுத்தாளாகி, அடுத்தாள் மேலாளாகி வருவான். இன்று நீங்கள் செய்ய நினைப்பது அந்தப் பழைய ஏற்பாட்டைத்தான். என் போன்றவர்கள் வாரம் ஒருமுறை வீடியோ அழைப்பில் பையன்களோடு பேசலாம்; செலவுக்கும் உதவலாம்.

வளவு எழுதியது:

கிட்டங்கி அவர்கள் சொல்வது உண்மையான வரலாறு. ஆனால் அது அரை வரலாறு. அந்தப் பெட்டியடிப் பையன் மேலாளின் சொந்தச் சமூகத்துப் பிள்ளை, நாளை தனக்கே சம்பந்தியாக வரக்கூடியவன். அந்தக் கவனிப்புக்குப் பின்னால் அந்த உறவு இருந்தது. அதே வீட்டில் மாடு பார்த்தவரின் மகனுக்கு யாரும் வட்டிக் கணக்கு சொல்லிக் கொடுக்கவில்லை. இன்று நாம் பேசிக்கொண்டிருப்பது அவனுடைய பேரனைப் பற்றி.

பள்ளத்தூரான் எழுதியது:

நான் நியூஜெர்சியில் இருக்கிறேன். இங்கே இத்தகைய அமைப்புகளுக்கு நூற்றாண்டைத் தாண்டிய அனுபவம் இருப்பதால், அதில் நமக்குப் பயன்படக்கூடியதை மட்டும் எழுதுகிறேன்.

நியூயார்க் சிறார் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்த எர்னஸ்ட் கூல்ட்டர் என்பவர், தன் கண்ணெதிரே வரிசையாக வந்து நிற்கும் பையன்களைப் பார்த்துவிட்டு, 1904-ஆம் ஆண்டில் நகரத்துப் பெரியவர்களிடம் ஆளுக்கு ஒரு பையனுக்கு நண்பராக இருக்கும்படி கேட்டதிலிருந்து இது தொடங்கியது. அதுவே பின்னாளில் 'பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்' என்ற பெரிய அமைப்பாக வளர்ந்தது. 1995-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 10 முதல் 16 வயது வரையுள்ள 959 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனே வழிகாட்டிகளைத் தந்தார்கள், மறு பாதியைக் காத்திருக்க வைத்தார்கள். ஒன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது, வழிகாட்டி கிடைத்த பிள்ளைகள் போதைப் பொருளைத் தொடத் தொடங்குவது 46 விழுக்காடும், குடிக்கத் தொடங்குவது 27 விழுக்காடும் குறைவாக இருந்தன. பள்ளிக்கு மட்டம் போடும் நாள்களும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. இத்தனைக்கும் அந்தப் பெரியவர்கள் செய்தது ஒன்றும் பெரிதில்லை. மாதம் மூன்று நான்கு முறை சந்தித்தார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள், பந்து விளையாடினார்கள்.

இதைப் படித்துவிட்டு உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். அதே விவரங்களை மீண்டும் பகுத்துப் பார்த்த 2002-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, ஓராண்டோ அதற்கு மேலோ நீடித்த உறவுகளில்தான் நன்மை தெளிவாகத் தெரிந்தது என்றும், மூன்று மாதத்துக்குள் முறிந்துபோன உறவுகளில் பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பிருந்ததைவிடக் குறைந்துவிட்டது என்றும் காட்டியது. அதாவது, பாதியில் விட்டுவிட்டுப் போகிற வழிகாட்டி, வராமலே இருந்த வழிகாட்டியைவிடக் கெடுதலானவர். இந்த உரையாடல் இழை முழுவதிலும் ஒரே ஒரு செய்தியை மட்டும் எடுத்துக்கொள்வதானால், இதை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

முகாம் நடத்தலாம் என்ற நண்பருக்கும் ஒரு செய்தி இருக்கிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ், சோமர்வில் என்ற இரண்டு ஊர்களில் 1939 முதல் 1945 வரை 506 பையன்களை இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஆண்டுக்கணக்கில் ஆலோசகர்களை அனுப்பினார்கள். பாடத்தில் உதவி, மருத்துவம், கோடை முகாம் எல்லாம் உண்டு. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிப்பிடித்துப் பார்த்தபோது, உதவி பெற்றவர்கள் பெறாதவர்களைவிடச் சிறப்பாக இல்லை; குடிப்பழக்கம், உடல்நலம், மீண்டும் மீண்டும் குற்றம் செய்வது போன்ற சிலவற்றில் மோசமாகவே இருந்தார்கள். உதவி பெற்றவர்களில் பெரும்பாலோர், அந்தத் திட்டம் தங்களுக்கு நன்மை செய்தது என்றே சொன்னார்கள் என்பதுதான் இதில் வியப்பு. பின்னர் நடந்த ஆய்வில், ஒரு முறைக்கு மேல் கோடை முகாமுக்கு அனுப்பப்பட்டவர்களிடமே இந்தக் கெடுதல் குவிந்திருப்பதாகத் தெரிந்தது. தடுமாறும் பையன்களை எல்லாம் ஒன்றாக அடைத்து வைத்தால், ஒருவன் செய்த சேட்டையைக் கேட்டு மற்றவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அவனுக்குப் பரிசாகிவிடும். எந்தப் பெரியவருடைய அறிவுரையும் அதற்கு ஈடு கொடுக்க முடியாது.

ஆகவே ஒருவருக்கு ஒருவர் என்ற உங்கள் முதல் எண்ணமே சரி. வீடியோ அழைப்பைப் பற்றிச் சொல்வதானால், வெளிநாட்டில் இருக்கும் நாம் வழிகாட்டியாக இருக்க முடியாது என்றே நினைக்கிறேன். அலைபேசியில் தெரியும் முகங்கள் அந்தப் பையனுக்கு ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. நாம் பேருந்துக் கட்டணத்தையும், ஒருங்கிணைப்பாளர் ஒருவரின் சம்பளத்தையும் ஏற்கலாம். ஒருங்கிணைப்பாளர் மட்டும் தன்னார்வலராக இருக்கக் கூடாது. மாதம் ஒருமுறை வழிகாட்டியிடமும் பையனிடமும் தாயாரிடமும் தனித்தனியாகப் பேசி, உறவு தளர்கிறதா என்று பார்ப்பது ஒரு முழு வேலை.

கிட்டங்கி எழுதியது:

பள்ளத்தூரான் சொல்வதை ஏற்கிறேன். சம்பளத்துக்கு நாங்கள் பொறுப்பு.

சிவகங்கைப் பணியாளர் எழுதியது:

குழந்தைகள் பாதுகாப்புத் துறையோடு தொடர்புடைய பணியில் இருந்தவள் நான். இரண்டு விஷயங்களை எழுத வேண்டும், ஒன்று கசப்பானது.

ஆண் பிள்ளைகளுக்குப் பாலியல் துன்பம் நேராது என்ற நம்பிக்கை நம் ஊர்களில் வேரூன்றியிருக்கிறது. மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஏதேனும் ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளானதாகச் சொன்ன பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் பையன்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் ஆண், பெண் என்று பிரிக்காமல் 18 வயதுக்குட்பட்ட எல்லாரையும் பாதுகாக்கிறது. மேலும், இப்படி ஒன்று நடந்தது என்று தெரிந்தவர் எவராக இருந்தாலும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் மறைப்பதே குற்றம். தந்தையில்லாத பையனைத் தேடி வருகிறவர்களில் மிகச் சிலர் தவறான எண்ணத்தோடுதான் வருவார்கள் என்பதை மனத்தில் வைத்தே விதிகளை எழுத வேண்டும். வருகிறவர் பெரிய மனிதர், கோயில் காரியங்களில் முன்னிற்பவர், எல்லாருக்கும் தெரிந்தவர் என்பதெல்லாம் சான்றிதழ் ஆகாது. காவல்துறை நன்னடத்தைச் சான்று, இரண்டு பேரின் பரிந்துரை, நேர்காணல் ஆகிய மூன்றும் விதிவிலக்கின்றி வேண்டும். சந்திப்பு பொது இடத்தில், மற்றவர் கண்பார்வையில் நடக்க வேண்டும். வழிகாட்டியின் வீட்டில் இரவு தங்குவது, தனியாகக் காரில் வெளியூர் போவது, தாயாருக்குத் தெரியாமல் பரிசு கொடுப்பது, இரகசியமாகக் குறுஞ்செய்தி அனுப்புவது ஆகியவை எந்நிலையிலும் கூடாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் எதற்காக என்று பையனுக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும். இதைக் கேட்டு மனம் புண்படுகிற பெரியவர் இந்தப் பணிக்கு வேண்டாம்.

அடுத்தது, பலருக்கும் தெரியாமல் கிடக்கும் உதவிகள். குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், கணவரை இழந்த அல்லது கணவரால் கைவிடப்பட்ட தாயின் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000 ரூபாய்க்கும், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மேற்படக் கூடாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பையன் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ ஐ.டி.ஐ.யிலோ சேர்ந்தால், 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். கணவர் இறக்கவில்லை, விட்டுப் போய்விட்டார் என்ற நிலையில் தாய்மார்கள் 'தந்தை பெயர்', 'தந்தை கையொப்பம்' என்ற கட்டங்களைப் பார்த்தே விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். கடவுச்சீட்டுக்குப் பெற்றோரில் ஒருவர் பெயர் போதும் என்று 2016 முதல் விதி இருக்கிறது. தாய் மட்டுமே வளர்க்கும் பிள்ளை வருமான வரி நிரந்தரக் கணக்கு எண் பெறத் தந்தை பெயர் கட்டாயமில்லை என்று 2018-இல் விதி வந்தது. இ-சேவை மையத்து வரிசையில் தாயோடும் பையனோடும் ஒரு காலை நேரம் நின்று இந்தக் கட்டத்தை நிரப்பிக் கொடுக்கிற வழிகாட்டி, பத்து ஞாயிற்றுக்கிழமை அறிவுரை சொன்னவரைவிட மேலானவர் என்பது என் கருத்து.

ஆத்தங்குடிக்காரன் எழுதியது:

நான் தரைக் கல் பட்டறை வைத்திருக்கிறேன். எனக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது அப்பா இறந்தார். கொள்ளி வைத்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தபோது, வந்தவர் போனவர் எல்லாரும் என் தலையில் கை வைத்து ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: "இனிமே இந்த வீட்டுக்கு நீதான்டா ஆம்பளை." அவர்கள் அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் அன்று இரவிலிருந்து கதவைத் தாழிட்டோமா என்று இரண்டு முறை எழுந்து பார்க்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. அக்காவுக்கு வரன் பார்ப்பது என் வேலை என்று நினைத்தேன். அம்மா அழுதால் அது என் தோல்வி என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அடித்தால் அழ மாட்டேன், ஏனென்றால் வீட்டு ஆம்பளை அழக் கூடாது.

அந்த வாக்கியத்திலிருந்து என்னை இறக்கி வைத்தவர் ஒரு மேஸ்திரி. அவர் எனக்கு உறவும் இல்லை, என்னைத் திருத்த வந்தவரும் இல்லை. விடுமுறை நாளில் பட்டறைப் பக்கம் போய் நின்றால், கண்ணாடி மேல் சட்டத்தை வைத்து, வண்ணச் சாந்தை அச்சுக்குள் கையால் ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துவதைப் பார்க்க விடுவார். பதினாலு வயது முடியும்வரை ஒரு கல்லைக்கூட என்னைத் தூக்க விடவில்லை. "பார்க்கிறதுக்கு வயசு வேண்டாம், தூக்குறதுக்கு வேணும்" என்பார். கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டால் அதற்கு மேல் நம் கையில் ஒன்றும் இல்லை, அது இறுகும்வரை காத்திருக்க வேண்டியதுதான். காத்திருக்கும் அந்த நேரத்தில் அவர் ஏதாவது கேட்பார், நான் ஏதாவது சொல்வேன். எதிரெதிரே உட்கார்ந்து, "தம்பி, உன் மனசுல என்ன கஷ்டம்?" என்று அவர் கேட்டிருந்தால் நான் மறுநாள் போயிருக்க மாட்டேன்.

அக்கா வரன் விஷயத்தை ஒரு நாள் அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அது ஒங்க அம்மாவும் மாமாவும் பாக்குற வேலை. ஒனக்கு அரைப் பரீட்சை என்னைக்கு?" என்று கேட்டார். அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வியால் நான் மறுபடியும் ஏழாம் வகுப்புப் பையன் ஆனேன்.

எனவே வழிகாட்டியாக வருகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: பையனைப் பொறுப்புள்ளவனாக ஆக்க வராதீர்கள். பொறுப்பு அவனுக்குத் தேவைக்கு மேல் இருக்கிறது. அவனோடு சேர்ந்து சைக்கிள் சங்கிலி மாட்டுங்கள், குன்றக்குடி மலை ஏறுங்கள், கேரம் ஆடுங்கள். கையில் வேலை இருந்தால் வாய் தானாகத் திறக்கும். பட்டறைக்கு அழைத்து வரலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: 14 வயதுக்குட்பட்டவனை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம், அதற்கு மேல் 18 வரையும் ஆபத்தான வேலை கூடாது. கற்றுக்கொடுக்கிறேன் என்ற பெயரில் கூலியில்லா ஆள் பிடிக்கிற கடைக்காரர்களை நான் அறிவேன்.

தேவகோட்டை அம்மா எழுதியது:

ஆத்தங்குடி அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் கழித்துத்தான் இதை எழுத முடிந்தது. என் கணவர் இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. மகன் ஒன்பதாம் வகுப்பு. நீங்கள் தேடுகிற தாய்மார்களில் நானும் ஒருத்தி என்பதால், எங்கள் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

கணவர் இல்லாத பெண்ணின் வீட்டுக்கு ஓர் ஆண் வாரந்தோறும் வந்து போனால் தெரு என்ன பேசும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வருகிறவருக்கு எழுபது வயதானாலும் பேசுவார்கள். அந்தப் பேச்சு முதலில் என் மகன் காதில்தான் விழும். அவன் யாரையாவது அடித்துவிட்டு வருவான். அதனால் வீட்டுக்கு வருவது வேண்டாம். நூலகம், பள்ளித் திடல், கோயில் பிராகாரம் என்று எல்லாரும் பார்க்கிற இடமாக இருக்கட்டும். அறிமுகப்படுத்த வரும் முதல் நாள் மட்டும் வழிகாட்டியின் மனைவியோ, ஒருங்கிணைப்பாளரோ, வகுப்பாசிரியையோ உடன் வரட்டும்.

இறந்தவரைப் பற்றி என் மகனிடம் நல்லதும் சொல்ல வேண்டாம், கெட்டதும் சொல்ல வேண்டாம். அவன் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். "உங்க அப்பா இருந்தா வருத்தப்படுவார்" என்ற வார்த்தையை மட்டும் யாரும் பயன்படுத்தக் கூடாது. எங்கள் உறவினர் எல்லாரும் அதைப் பயன்படுத்தித் தீர்த்துவிட்டார்கள்.

அவனைப் பற்றி என்னிடம் புகார் சொல்ல வரலாம், ஆனால் அவன் நம்பிச் சொன்னதை என்னிடம் ஒப்புவிக்க வேண்டாம். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் மட்டும் சொல்லுங்கள். ஒரு தாயாக எனக்கு எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள ஆசைதான். இருந்தாலும், என்னிடம் சொல்ல முடியாததைச் சொல்ல அவனுக்கு ஓர் ஆள் வேண்டும் என்பதற்காகத்தானே இதற்கு நான் சம்மதிக்கப் போகிறேன்.

உதவித்தொகையையும் இதையும் சேர்க்க வேண்டாம் என்ற கல்லுக்கட்டி ஐயாவின் எண்ணம் சரியானது. பணம் வாங்கிவிட்டால், அந்த மனிதரை மகனுக்குப் பிடிக்கவில்லை என்றாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

பள்ளத்தூரான் எழுதியது:

அம்மா எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பையனுக்கு மறுக்கும் உரிமை இருக்க வேண்டும். மூன்று சந்திப்புகளுக்குப் பிறகு ஒருங்கிணைப்பாளர் அவனிடம் தனியாகக் கேட்டு, வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் வேறு ஒருவரைப் பார்க்க வேண்டும்.

கோட்டையூர் ஆசிரியை எழுதியது:

தந்தையில்லாத பெண் பிள்ளைகளுக்கு ஏன் இல்லை என்று எங்கள் பள்ளியில் ஓர் ஆசிரியை கேட்டார், நியாயமான கேள்விதான். தேவை இருக்கிறது. ஆனால் அதைப் பெண்கள் தனியாக அமைத்துத் தாங்களே நடத்த வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் தொடங்கினால் இரண்டும் நிற்காது என்று தோன்றுகிறது.

கல்லுக்கட்டி எழுதியது:

எழுதிய அனைவருக்கும் நன்றி. நண்பர்களோடு கூடி உட்கார்ந்து இந்த இழையை வாசித்தோம். முகாம் யோசனையை முன்வைத்த நண்பர், கேம்பிரிட்ஜ் செய்தியைப் படித்ததும் அதை விட்டுவிட்டார். உதவித்தொகை தனியாக, வேறு ஆள்கள் மூலமாக, வழிகாட்டிக்குத் தெரியாமலேயே நடக்கும்.

முதல் ஆண்டில் ஒரு பள்ளி மட்டும். பையன்கள் கை விரலில் எண்ணும் அளவுக்குத்தான். ஊரில் இருந்து ஓராண்டுக்கு வர முடியும் என்று எழுதிக் கொடுப்பவர்களை மட்டுமே சேர்ப்போம். மகன், மகள் வீட்டுக்கு ஆறு மாதம் அமெரிக்காவோ ஆஸ்திரேலியாவோ போகிறவர்கள் எங்கள் குழுவிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்கள் வழிகாட்டியாக இல்லாமல் இ-சேவை மைய வேலைகளுக்கும் விண்ணப்பங்களுக்கும் துணை நிற்பார்கள். வளவு அவர்கள் சொன்ன விதியை முதல் விதியாகவே எழுதியிருக்கிறோம், தண்ணீர்க் கிளாஸ் உட்பட. காவல்துறைச் சான்றுக்கு முதலில் நானே விண்ணப்பித்துவிட்டேன். மற்றவர்களுக்கு அதற்குமேல் தயக்கம் இருக்காது. பட்டறைக்காரர்கள், நடத்துநர்கள் ஆகியோருக்காக ஞாயிறு காலையையும் வைத்திருக்கிறோம். ஆத்தங்குடித் தம்பி சம்மதித்தால் அவரைத்தான் முதல் வழிகாட்டியாகக் கேட்க விரும்புகிறோம்.

ஆத்தங்குடிக்காரன் எழுதியது:

வருகிறேன் ஐயா. தைப் பொங்கலை ஒட்டிப் பட்டறையில் வேலை நெருக்கடி இருக்கும்; அப்போதும் ஞாயிறு காலை எட்டு முதல் பத்து மணி வரை தவறாது. ஆனால் சிராவயல் மஞ்சுவிரட்டு அன்று பையனை அழைத்துப் போவேன் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். வேடிக்கை பார்ப்பதற்குக்கூட அங்கே அவனுக்கு நான் பொறுப்பேற்க முடியாது.

தேவகோட்டை அம்மா எழுதியது:

ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. ஓராண்டு என்று எழுதிக் கொடுத்தவருக்கே இடையில் உடம்புக்கு முடியாமல் போகலாம், மகள் வீட்டுக்குப் போக வேண்டி வரலாம். அதை யார் தடுக்க முடியும்? அப்படி ஒருவர் போவதாக இருந்தால் என் மகனிடம் யார் சொல்வார்கள்? அவன் அப்பா மருத்துவமனைக்குப் போனபோது, "ரெண்டு நாள்ல வந்துருவார்" என்று எல்லாரும் சேர்ந்து அவனிடம் சொன்னோம்.

சிவகங்கைப் பணியாளர் எழுதியது:

அம்மா, அதையும் விதியாக எழுதிவிடலாம். போகிறவரே நேரில் வந்து சொல்ல வேண்டும். ஒருங்கிணைப்பாளர் மூலமாகவோ அலைபேசியிலோ சொல்லி அனுப்பக் கூடாது. குறைந்தது ஒரு மாதம் முன்னதாக, எந்தத் தேதி கடைசிச் சந்திப்பு என்றும், என்ன காரணம் என்றும், அது பையன் செய்த எதனாலும் அல்ல என்றும் சொல்ல வேண்டும். திரும்பி வர மாட்டார் என்றால் வருவேன் என்று சொல்லக் கூடாது. உடல்நிலை காரணமாக அவரால் வர முடியாமல் போனால், பையனை அவரிடம் அழைத்துப் போய்க் காட்ட வேண்டும். அடுத்த வழிகாட்டி யார் என்ற பேச்சை அந்தக் கடைசிச் சந்திப்பு முடியும்வரை எடுக்கக் கூடாது. கல்லுக்கட்டி ஐயா, இதை இரண்டாம் விதியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கல்லுக்கட்டி எழுதியது:

சேர்த்துவிட்டேன். வழிகாட்டிகள் கையெழுத்திடும் தாளில் இந்தப் பத்தி மட்டும் தனியாக, அதற்கென்று ஒரு கையெழுத்தோடு இருக்கும். தாயாருக்கும் ஒரு பிரதி கொடுப்போம்.